சேதாரம் சேர்த்த குண்டு

தோவாளையைத் தாண்டி நடந்துகொண்டிருந்தபோது இடது காதிலிருந்து இன்னும் மண் உதிர்ந்தது. பின்னால் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று வாரம் பார்த்த வேலையை அன்று மதியம்தான் விட்டிருந்தேன்.

ஆரல்வாய்மொழிப் பக்கம், பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவரின் தரிசு நிலத்தில் வேலை. அவரிடம் உரிமம் உள்ள ரைபிள் இருந்தது. நானூறு கெஜத்துக்கு அப்பால் பத்துக் குண்டும் ஒரே இடத்தில் விழவேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. கடைத் தோட்டா கணவாய்க் காற்றுக்கு நிற்கவில்லை என்று ஈயக் குண்டுகளைத் தனியாக வார்க்கச் சொல்லி, தோட்டாவைத் தானே அடைத்தார். வார்த்துக் கொடுப்பவர் நாகர்கோவில் தங்க ஆசாரி, பழைய கூட்டாளி. தராசில் குன்றிமணியை வைத்துத்தான் நிறுப்பார். எண்பது மணி, தொண்ணூறு மணி, நூறு மணி என்று மூன்று டப்பா.

நான் மறுமுனையில் ஒரு குழிக்குள் இருக்கவேண்டும். தலைக்கு மேல் நிற்கும் வெள்ளை அட்டையில் எங்கே ஓட்டை விழுகிறது என்று சொல்லவேண்டும். குழிக்கு முன்னால் மண்மேடு. ஏழாம் வகுப்போடு நின்றவனுக்கு இதைவிட சுகமான வேலை ஏது என்று நினைத்தேன். சோறும் உண்டு.

குழிக்குள் எல்லாம் தலைகீழாக நடக்கும். முதலில் அட்டையில் ஓட்டை. பிறகுதான் தூரத்தில் வெடி. எண்பது மணிக் குண்டு சாட்டை சொடுக்கியதுபோல் போகும். காற்று அதை ஒரு முழம் தள்ளிவிடும். நூறு மணிக் குண்டு வண்டுபோல முனகிக்கொண்டு வரும். அதைக் காற்று அசைக்காது, ஆனால் தாழ்ந்துபோகும். வெயிலில் ஆளில்லாத இடத்தில் அட்டை தானாகப் பொத்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தால், எதிரே ஒரு மனிதர் சுடுகிறார் என்பதே மறந்துபோகும்.

அன்று தொண்ணூறு, ஆசாரி புதிதாக வார்த்துத் தானே கொண்டுவந்தது. துப்பாக்கியின் குறியையும் தொண்ணூறுக்குத்தான் வைத்திருந்தார். பத்தும் முடிந்தபின் நான் போனில் சொல்லவேண்டும். அதுவரை எழும்பக் கூடாது.

முதல் முனகல் வந்தது. அட்டையில் ஓட்டை இல்லை. மேட்டின் உச்சியிலிருந்து மண் சரிந்து என் கழுத்துக்குள் இறங்கியது. இரண்டாவதும் அங்கேயே. போன் அடித்தேன்; காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு சுடுபவர், எடுக்கவில்லை. மேடு முந்தைய நாள் வெட்டிப்போட்ட இளமண். ஒவ்வொரு குண்டும் ஒரு கை மண்ணை வாரிக்கொண்டு போயிற்று. ஆறாவதில் மேடு பிளந்து வெளிச்சம் தெரிந்தது. குப்புறப் படுத்தேன். காதெல்லாம் மண். ஏழுக்குப் பிறகு அந்தப் பிளவுக்குள் காற்று நுழைந்து முனகத் தொடங்கியது. குண்டின் முனகலும் அதுவும் ஒன்றுபோலவே இருந்தன. எட்டு வந்ததா, பத்து முடிந்ததா, தெரியவில்லை. எவ்வளவு நேரம் கிடந்தேன் என்றும் தெரியாது.

"எலே மக்கா, உறங்கிட்டியா?"

மேட்டுக்கு மேல் பட்டாளத்துக்காரரும் ஆசாரியும் நின்றார்கள். நான் பிளவைக் காட்டினேன். பட்டாளத்துக்காரர் அதற்குள் கையை விட்டுப் பார்த்தார்.

"வே ஆசாரி, தொண்ணூறுதானவே வாத்தீரு?"

"தொண்ணூறுதான். கூட ஆறு மணி சேதாரம் போட்டேன். நீரு அராவும்போது கொறையும்லா?"

"நான் எதுக்குவே அராவணும்? நீரு அராவித் தந்தீருன்னுல்லா நெனச்சேன்."

"நல்ல கதை. நாப்பது வருசமா சேதாரம் இல்லாம வாத்ததில்ல. கை தானா போட்டுரும்."

பட்டாளத்துக்காரர் பிளவின் அகலத்தை விரலால் அளந்துகொண்டிருந்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"பத்தும் ஒரு சாணுக்குள்ள கெடக்குவே. காத்து தொடல்ல. தொண்ணூத்தாறு, அதான் எடை." பிறகு என்னிடம், "மேட்டை இன்னும் ஒசத்துலே. நாளைக்கும் ஒரு பத்து பாப்போம்."

"நாளைக்கு நீங்க உள்ள இரிங்க அண்ணாச்சி, நான் சுடுதேன்."

ஆசாரி சிரித்தார். பட்டாளத்துக்காரர் காதில் விழாதவர்போல மறுபடியும் பிளவை அளந்தார். மண்வெட்டியை மேட்டில் குத்திவிட்டு நடந்தேன்.

வெள்ளமடத்தில் பேருந்து கிடைத்தது. மார்த்தாண்டத்தில் இறங்கி, ஒரு கடை வாசலில் படுத்தேன். காலையில் சந்தையில் வாழைக்குலை இறக்க ஆள் தேடினார்கள். லாரிமேல் நின்றவன் "தலை, தலை" என்று கத்தினான். கத்திய பிறகுதான் குலை வந்தது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றேன்.