வெட்டுவதா, விடுவதா

வேலையை விட்ட மறுநாள் காலை ஆறு மணிக்கே குளித்து, சேலை உடுத்து, மத்தியானச் சாப்பாட்டையும் பெட்டியில் கட்டிவிட்டேன். பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த கணவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இஞ்சேர், எங்கை போறீர்?" என்றார். எனக்கே தெரியவில்லை. இருபத்திரண்டு வருடம் வேலணையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறிய உடம்புக்கு, நான் எழுதிக் கொடுத்துவிட்டு வந்த செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. முற்றத்து வேம்பின் கீழே ஒரு கதிரையைப் போட்டு, எட்டு மணிக்கே அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டு முடித்தேன். அப்படியொரு சந்தோசம்.

என் தொழில் தண்ணீர். கிணறுகளை அளப்பது, உப்பு எவ்வளவு என்று பார்ப்பது, அறிக்கை எழுதுவது. இனி அதையே என் பாட்டில், கேட்கிறவர்களுக்குச் செய்யப்போகிறேன் என்றபோது கூட வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். "தீவுச்சனம் தங்கடை கிணத்தைப் பற்றி உம்மட்டை வந்து கேக்குமோ?" என்றார் ஒருவர்.

கேட்டது. ஊர்காவற்றுறைப் பக்கத்து மீனவர் சங்கமொன்றின் தலைவர் ஒருநாள் சைக்கிளில் வந்து இறங்கினார். அறுபது வயதிருக்கும். சங்கத்துப் பொதுக் கிணறு உப்பாகிவிட்டது. இன்னும் ஆழமாய் வெட்டுவதற்கு, கல் உடைக்கிற மெசினுக்கும் சொல்லியாயிற்று.

"வெட்ட முதல் ஒருக்கால் படிச்ச ஆளிட்டைக் கேப்பம் எண்டு வந்தனான், மிஸ்."

மூன்று நாள் போய் அளந்தேன். முதல் நாளே விசயம் விளங்கிவிட்டது. எங்கள் தீவுகளில் மழைத்தண்ணீர் நிலத்துக்குள் இறங்கி, உப்புத்தண்ணீருக்கு மேலே மெல்லிதாய் மிதக்கிறது. இவர்கள் புதிதாய்ப் பெரிய மோட்டர் பூட்டி மணிக்கணக்காய் இறைத்ததில், அடியிலிருந்த உப்பு மேலே ஏறிவிட்டது. ஆழமாய் வெட்டினால் நேரே உப்புக்குள்தான் போய் நிற்பார்கள்.

அறிக்கையை மூன்று பக்கத்தில் எழுதி, அட்டையும் போட்டுக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு தலைவர் அதைக் கொண்டுவந்தார்.

"தங்கச்சி, ரெண்டு தரம் வாசிச்சனான். மனிசியைக் கொண்டும் வாசிப்பிச்சனான். வெட்டுறதோ, விடுறதோ?"

'மிஸ்' போய் 'தங்கச்சி' ஆகியிருந்ததைக்கூடக் கவனிக்காமல் தாளை வாங்கிப் பார்த்தேன். 'ஆழப்படுத்தல் தொடர்பில் உரிய தரப்பினர் மேலும் ஆராய்ந்து பொருத்தமான தீர்மானம் மேற்கொள்வது உகந்தது எனக் கருதப்படுகிறது.' கருதியது யார்? உரிய தரப்பினர் யார்? போதாக்குறைக்குத் தலைப்பில் 'ஊடாக' என்றும் போட்டு, பக்கத்தில் இடம் விட்டிருந்தேன். அலுவலகத்தில் எந்தக் கடிதமும் மேலதிகாரி ஊடாகத்தான் போகும். என் முற்றத்தில் மேலதிகாரிக்கு நான் எங்கே போவேன்? குசினிக்குள் அடுப்படியில் நின்ற கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே வெட்கமும் வந்தது.

அதன் பின்னால் பயம் வந்தது. வெட்டவேண்டாம் என்று சொல்லித் தண்ணீர் மாறாவிட்டால், பின்னால் நிற்க ஒரு அலுவலகமும் இல்லை. முதல் வேலையே கடைசி வேலையாகிவிடும். பிறகு தீவில் ஒருத்தரும் என்னிடம் வரமாட்டார்கள்.

"வெட்டாதேங்கோ, அண்ணை."

"நிச்சயமோ?"

"ஓம். மோட்டரைக் காலமை அரை மணித்தியாலம், பின்னேரம் அரை மணித்தியாலம் போடுங்கோ. மிச்சத்துக்கு வாளியாலை அள்ளுங்கோ."

தலைவர் அறிக்கையைத் திருப்பி வாங்கிக் கக்கத்துக்குள் வைத்தார். "ஒரு மாதம் பாப்பம். அதுக்குப் பிறகும் உப்பெண்டால் மெசின் வரும். இந்தத் தங்கச்சிதான் மறிச்சதெண்டு சனத்துக்குச் சொல்லுவன், சரியோ?"

"சொல்லுங்கோ. என்ரை பேரையே சொல்லுங்கோ."

வீறாப்பாய்ச் சொல்லிவிட்டு உள்ளே போய் இரண்டு செம்பு தண்ணீர் குடித்தேன்.

அந்த மாதம் முழுக்க நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாய் வெட்டிக்கொண்டிருந்தேன். தலைவரோ, மாதம் முடியும்வரை இந்தப் பக்கம் வந்து நோண்டவேண்டாம் என்று கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டார். சந்தையில் ஒரு மனுசி என்னை மறித்து, "நீங்களோ எங்களை வாளி இழுக்க வைச்ச ஆள்?" என்று கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கை சிவந்துபோயிருந்தது. மீன் வாங்க வந்த நான் வாங்காமலே திரும்பினேன்.

முப்பதாம் நாள் போன் வந்தது. ஸ்கூட்டியில் போய் இறங்கினால் கிணற்றடியில் ஒரு கூட்டம் நிற்கிறது. ஒருவர் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. நான் அளக்கிற கருவியை எடுக்கப் பையைத் திறந்தேன்.

"அதை வையும். முதல் தேத்தண்ணியைக் குடியும்," என்றார் தலைவர்.

அவருடைய மனைவி சீனி போடாத வெறும் தேத்தண்ணியும் ஒரு துண்டுப் பனங்கட்டியும் தந்தார். கிணற்றுத் தண்ணீரில் உப்பிருந்தால் அதில் ஊற்றிய தேத்தண்ணி காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் பக்கத்தில் அதைவிடப் பெரிய பரிசோதனை கிடையாது. எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனிப்பு உப்பை மறைத்துவிடும் என்று பனங்கட்டியைக் கடிக்காமல் கைக்குள் பொத்திக்கொண்டு ஒரு மிடறு குடித்தேன். சாயம் கசந்தது. கசப்புக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. நம்பாமல் இன்னொரு மிடறு குடித்தேன். உப்பே இல்லை.

"மூண்டு நாளாய் இதைத்தான் குடிக்கிறம். உங்களுக்குச் சொல்லாமல் இருக்கத்தான் ஏலாமல் கிடந்தது," என்றார் தலைவரின் மனைவி. கிணற்றடியே சிரித்தது. சந்தையில் கையை விரித்துக் காட்டிய மனுசிதான் எல்லோரையும்விடப் பலமாய்ச் சிரித்தார்.

நான் கிணற்றுக்கட்டில் குந்தியிருந்து, அத்தனை பேருக்கும் முன்னால் அழுதேன். பிறகு இன்னுமொரு கோப்பை கேட்டு வாங்கிக் குடித்தேன்.