நெல்லுக்கு மட்டும் சாட்சி

போன செவ்வாய்க்கிழமை ஒரு போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அந்தக் கை இன்னும் கூசுகிறது.

உத்திரமேரூர் பக்கம்தான். எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள். எதிரே டீ குடித்துக்கொண்டு காவாந்தண்டலம் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். ஒரு போலீஸ்காரர் வந்து, "யோவ், கையெழுத்து போடத் தெரியுமா? வா, சாட்சிக்கு ஒரு ஆள் வோணும்" என்றார். ஒன்பதாவதோடு நின்றவன் நான். ஆனால் கையெழுத்து நன்றாக வரும். போனேன். ஊர் சுற்றுகிறவன், போலீஸ் கூப்பிட்டால் போய்விட வேண்டும் — பஸ் ஸ்டாண்டில் தூங்கியதற்காகவே இரண்டு முறை உள்ளே இருந்த அனுபவம்.

உள்ளே தரையில் ஒரு பெண். பக்கத்தில் அரை மூட்டை நெல். பெஞ்சில் நிலக்காரர். அவர் பெயர் தனபால் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் எஸ்தர். கூலி வேலை; சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது.

என்ன கேஸ்? அறுவடை மெஷின் போன பிறகு, தனபால் வயலில் சிந்திக் கிடந்த நெல்லைக் கூட்டி அள்ளிவிட்டாளாம். திருட்டு!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிந்திய நெல் கூலிக்காரர்களுக்கு என்பது இந்தப் பக்கத்து வழக்கம். நானே அப்படிப் பொறுக்கிச் சோறு தின்றிருக்கிறேன். முன்பெல்லாம் எஸ்தர் அறுப்புக்குப் போனால் கூலியே நெல்லாகக் கிடைக்கும். மெஷின் வந்தது, கூலி போனது. மிஞ்சியது சிந்தியதுதான். இப்போது அதுவும்...?

"வாத்துக்காரனுக்கு வயல வுட்டுக்கீறேன் சார்" என்றார் தனபால். "துட்டும் வாங்கிட்டேன். வாத்து மேய வந்தா அங்க இன்னா கீது? மண்ணுதான் கீது. அவன் என்னைக் கேக்கறான்."

"வாத்து துன்னா தப்பில்ல, நான் துன்னா தப்பா நைனா?" என்றாள் எஸ்தர்.

"வாத்து உன்ன மாதிரி எதிர்த்துப் பேசாது."

ஸ்டேஷனே சிரித்தது. எஸ்தர் சிரிக்கவில்லை. ரைட்டரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். ரைட்டர் என்றால், ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ஏட்டு.

"சார், சத்துணவு சமையல் வேலைக்கு எழுதிப் போட்டுக்கீறேன். கேஸுன்னு ஒன்னு வந்துட்டா வேலை கெடைக்காது. நெல்ல வேணா எடுத்துக்கச் சொல்லுங்க சார்."

ரைட்டர் பேனாவைத் திறந்தார். "சம்பவ இடம்... வயலோட சர்வே நம்பர் சொல்லுங்க."

தனபால் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"பட்டா நம்பராவது?"

"அது... பட்டா இல்லீங்க. ஏரிப் புறம்போக்கு. எங்க அப்பா காலத்துலேர்ந்து நாங்கதான் மடக்கிப் பயிர் வெச்சிக்கினு கீறோம். ஊருக்கே தெரியும். அத்த எழுதாதீங்க."

ஒரு மனிதர் இதைப் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து சொல்கிறார்! கூச்சம் இல்லை, பயம் இல்லை. யாராவது அதிர்ந்தார்களா? ஒருவர் அவருக்கு டீ சொன்னார்.

எனக்கு வாய் நிற்கவில்லை. "சார், அப்போ நெலம்?" என்றேன்.

ரைட்டர் நிமிர்ந்து பார்த்தார். "யோவ், நீ நெல்லுக்குத்தான் சாட்சி. நெலத்துக்கு இல்ல."

வாலாஜாபாத் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கிய காலத்தில், சங்கத்தில் ஞாயிறுதோறும் மார்க்சிய வகுப்பு நடக்கும். டீயும் பன்னும் உண்டு என்பதால் போவேன். எது குற்றம் என்று எழுதுகிறவன் சொத்து வைத்திருக்கிறவன்தான் என்பார் தோழர். பாதித் தூக்கத்தில் கேட்டது. ரொம்பத்தான் பேசுகிறார் என்று நினைத்தேன். இல்லை... தோழர் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார். எதை எழுதக் கூடாது என்பதும் அவன் கையில்தான்! ஏரியை மடக்கினால் அதற்கு 'ஆக்கிரமிப்பு' என்று பெயர். நோட்டீஸ் வரும், வாய்தா வரும், அதிர்ஷ்டம் இருந்தால் பட்டாவே வரும். அந்த ஏரியில் சிந்தியதை அள்ளினால்?

இடம் எழுதாமல் எஃப்.ஐ.ஆர். போட முடியாது என்று ரைட்டர் சொல்லிவிட்டார். தனபால் புகாரை வாபஸ் வாங்கினார். எஸ்தர் தப்பித்தாள் என்று நான் மூச்சு விடுவதற்குள் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார்கள். 'நெல் திருடியது உண்மை. இனிமேல் திருட மாட்டேன்.' ரைட்டரே எழுதி வைத்திருந்தார்.

"நான் திருடலியே சார்..."

"கேஸ் வோணுமா, லெட்டர் வோணுமா?"

கையெழுத்துப் போட்டாள். கீழே சாட்சி என்ற இடத்தில் நானும் போட்டேன். போடாவிட்டால் அவளை வீட்டுக்கு விட மாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பஸ் போய்விடுமே என்ற பயமும் இருந்தது — உங்களிடம் என்ன மறைக்க?

நெல் தனபாலின் பைக்கில் ஏறியது. வாசலில் எஸ்தர் கேட்டாள்: "அண்ணா, அந்தப் பேப்பர சத்துணவு ஆபீஸுக்கு அனுப்புவாங்களா?"

நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன். அனுப்பினார்களா என்று இன்றுவரை தெரியாது.

அந்தத் தாளில் எல்லாம் இருந்தது — அவள் பெயர், ஊர், அரை மூட்டை நெல். சம்பவ இடம் மட்டும் காலி.

சாட்சி நான்தானே? நிரப்பிவிடுகிறேன். சம்பவ இடம்: ஏரி.