சுவருக்கு இந்தப் பக்கம் கேட்ட படம்

டிவியில் படம் ஓடும்போது நான் பேசுகிறேன் என்று உங்களுக்குக் கோபம். "அப்பா, படத்தைப் பாக்க விடுங்க, வயலினப் பத்தி அப்புறம் சொல்லுங்க" என்று நேற்றும் சொன்னீர்கள். நேற்று வாயை மூடிக்கொண்டேன், ஆனால் சம்மதித்து மூடவில்லை. படத்தில் அந்தப் பெண் கதவைத் திறப்பதற்கு முன்னாலேயே வயலின்கள் அழ ஆரம்பித்துவிட்டன. உள்ளே என்ன நடந்திருக்கிறதென்று அவளுக்கே தெரியாது. வயலின்காரர்களுக்கு யார் சொன்னது? இதைக் கேட்கக் கூடாது என்றால் எனக்கு ஒத்துவராது. ஏன் ஒத்துவராது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு தேயிலை அரைக்கிற ஸ்டோருக்கு வேலைக்குப் போனவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். கருத்தைத் திருத்த வேண்டாம்.

தொண்ணூறுகளின் நடுவில், மூத்தவள் தொட்டிலில் கிடந்த காலம். பெரகலைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில் இருந்தோம். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் காம்பராக்கள், குடும்பத்துக்கு ஒரு அறை. இரண்டு காம்பராவுக்கு நடுவே சுவர் உண்டு, ஆனால் அது கூரைவரை போகாது. சுவருக்கும் தகரத்துக்கும் இடையில் ஒரு பூனை தலை நிமிர்ந்து நடந்து போகலாம். பக்கத்து வீட்டில் மிளகாய் தாளித்தால் நமக்குத் தும்மல் வரும். நாம் தும்மினால் அங்கிருந்து யாராவது சிரிப்பார்கள்.

அந்தப் பக்கத்து வீட்டுக்கு டிவியும் வீடியோ டெக்கும் வந்தன. அவர்கள் மகன் கொழும்பில் கடையில் வேலைக்கு நின்று வாங்கி அனுப்பியது. லயத்துக்குக் கரண்ட் வரவில்லை. கார் பேட்டரியை அப்புத்தளைக்குக் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றி வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை பகல் சோற்றுக்குப் பிறகு ஒரு படம். லயமே அந்த வீட்டுக்குள் இருக்கும், எங்களைத் தவிர. தண்ணீர் பிடிக்கிற பீலியில் யார் குடம் முதலில் என்று உங்கள் அம்மாவுக்கும் அந்த வீட்டு அம்மாவுக்கும் பெரிய சண்டை. அதற்குப் பிறகு அவர்கள் கூப்பிடவில்லை, நாங்களும் படியேறவில்லை. ஆனால் சத்தம் சுவருக்கு மேலே ஏறி வருவதை அவர்களால் நிறுத்த முடியவில்லை.

"இப்ப என்னங்க நடக்குது?" என்று உங்கள் அம்மா கேட்பாள்.

"சண்டை."

"சண்டை இல்லங்க. வண்டியில போறாங்க. கீழ்ச் சத்தம் ஒரே மாதிரி ஓடுது பாருங்க."

"அப்ப கொட்டு எதுக்கு?"

"பின்னால யாரோ தொரத்துறாங்க."

திங்கட்கிழமை படம் பார்த்த பிள்ளைகளிடம் விசாரித்துப் பார்ப்போம். பெரும்பாலும் உங்கள் அம்மா சொன்னது சரியாக இருக்கும். எனக்கு ரோஷம் வந்தது. கூர்ந்து கேட்க ஆரம்பித்தேன். அதில்தான் ஒன்று புரிந்தது. கண்ணுக்கு வேலையில்லாதபோது இசையமைப்பாளர் எங்கே உழைத்திருக்கிறார், எங்கே கைக்கு வந்ததைக் கொட்டியிருக்கிறார் என்று பிடிபட்டுவிடும். கதாநாயகன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது தெரியாது. முகம் ஜெயித்துவிடும். கிராமம் என்றால் புல்லாங்குழல், பணக்கார வீடு என்றால் பியானோ, வில்லன் வந்தால் கீழே ஒரு உறுமல். ஒருவர் மெஷினில் தாளம் போடுவார், சுத்தமாக இருக்கும், அடித்த அடி ஒவ்வொன்றும் ஒரே அச்சு. இன்னொருவர் பாட்டைவிடப் பாட்டுக்கு நடுவில்தான் மன்னன். ஆனால் பேச்சு நடக்கும்போதும் சும்மா இருக்க மாட்டார். ஒரு தாயும் மகனும் பேசிக்கொள்வதைக் கேட்க விடாமல் இவர் குறுக்கே என்ன சொல்ல வருகிறார்?

"சமையல்காரனுக்குச் சம்பளம் கொடுத்தா எல்லா மசாலாவையும் போட்டுத்தான் காட்டுவான்" என்பாள் உங்கள் அம்மா.

ஒருநாள் தொட்டில் துணி வாங்க பதுளைக்குப் போனேன். துணிக்கடையில் நல்ல செட் ஒன்று பாடிக்கொண்டிருந்தது. துணியைப் பார்க்காமல் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டு நின்ற என்னைக் கடை முதலாளி கவனித்திருக்கிறார். இந்தியாவிலிருந்து வந்த வியாபாரக் குடும்பம், வெள்ளை வேட்டிக்காரர்.

"பாட்டு பிடிக்குமோ?"

"ஒரு வரி முடிஞ்சு அடுத்த வரி வர்றதுக்குள்ள ஒண்ணு போகுதே, அது பிடிக்கும் முதலாளி."

அவர் சிரித்துவிட்டு, மாதத்தின் முதல் ஞாயிறு கடையின் மேல்மாடியில் சினிமா இசையைப் பற்றி ஒரு கூட்டம் பேசுவதாகச் சொன்னார். "சும்மா வாங்க. டீ உண்டு."

போனேன். யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒருவர் தலைமை. வங்கிக் கிளார்க் ஒருவர், இன்னும் சிலர். ஒவ்வொரு மாதமும் ஒருவர் ஒரு படத்தின் பின்னணி இசையைப் பற்றிப் பேசுவார், மற்றவர்கள் மடக்குவார்கள். துணிப் பொதி ஒன்றில் சாய்ந்து பல மாதம் கேட்டுக்கொண்டிருந்தேன். யுத்த காலம், வழியில் ஆர்மிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி இறக்குவார்கள், அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், எங்கே போகிறாய் என்பார்கள். சினிமாப் பாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று உண்மையைச் சொன்னால் இன்னும் உற்றுப் பார்ப்பார்கள். அதனால் துணிக்கடைக்கு என்றேன். அதுவும் உண்மைதான். ஸ்டோரில் நாள் முழுக்க மெஷின் இரைச்சலில் நிற்கிறவனுக்கு, கேட்டதைப் பற்றிப் பேச ஒரு இடம் அது ஒன்றுதான். என் முறை வரட்டும் என்று காத்திருந்தேன்.

வந்தது. எடுத்துக்கொண்ட படம் அப்போது புதிது. தூரத்தில் வேலை செய்கிற மகன் வீட்டுக்கு வருகிறான், அப்பா இறந்துபோயிருக்கிறார், அதுதான் கதையின் முக்கிய இடம். அதை நாங்கள் கேட்ட ஞாயிற்றுக்கிழமை பனி கதவுவரை வந்து நின்றது. உங்கள் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் பஸ் வந்து நிற்கிறது. வயலின்கள் ஏறிக்கொண்டே போகின்றன. பிறகு மெல்ல அடங்குகின்றன. அப்போது வெகு தூரத்தில் தப்பு மேளம். நிறுத்தி நிறுத்தி அடிக்கிற சாவு அடி. உங்கள் அம்மா சுளகைக் கீழே வைத்தாள்.

"யாரோ போயிட்டாங்கங்க."

"அவனோட அப்பா" என்றேன்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எந்தப் படத்திலும் குடித்துவிட்டு ஆடுகிற பாட்டுக்குத்தான் தப்பு மேளத்தைக் கூப்பிடுவார்கள். இந்த இசையமைப்பாளர் அதைத் துக்கத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார். அதுவும் பக்கத்தில் வைத்து அடிக்காமல், மலைக்கு அப்பால் வைத்து அடித்திருக்கிறார். இவருக்குக் கோயில் கட்டலாம் என்று நினைத்தேன்.

அதை அப்படியே பதுளை மேல்மாடியில் எழுந்து நின்று சொன்னேன். நன்றாகவே பேசினேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். முடித்ததும் வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, அந்த இடத்தில தப்பு மேளம் வந்ததாய் எனக்கு ஞாபகமில்லை."

முதலாளியிடம் அந்தப் படத்தின் வீடியோ கேசட் இருந்தது. டெக்கில் போட்டார்கள். பஸ் வந்தது. வயலின்கள் ஏறின, அடங்கின. நான் காத்திருந்தேன். அடங்கிய வயலின்கள் மறுபடியும் மெதுவாகக் கிளம்பின, கூடவே பெண்கள் "ஆ... ஆ..." என்று இழுத்தார்கள். தப்பு மேளம் வரவேயில்லை. காட்சி முடிந்து அடுத்தது ஓட ஆரம்பித்துவிட்டது.

"அண்ணன் வேற படம் பாத்திருக்கார்" என்றார் கிளார்க்.

"நீங்கள் இந்தப் படத்தைப் பாத்தனீங்களோ?" வாத்தியார் கேட்டார்.

"பாக்கல ஐயா. கேட்டேன்."

சுவர், தகரம், பீலிச் சண்டை எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை பள்ளத்தில் இருக்கிற எங்கள் தோட்டத்துக் கீழ்ப் பிரிவில் ஒரு பெரியவர் தவறிப்போனார். மறுநாள் காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது சொன்னார்கள். அதையும் படத்தையும் நான் சேர்த்து நினைக்கவில்லை. அதையும் சொன்னேன்.

"நல்ல காலம், அன்னிக்குக் கல்யாணம் நடக்கல. நடந்திருந்தா அந்த எடத்துல நாதஸ்வரம் பிரமாதம்னு சொல்லியிருப்பாரு" என்றார் கிளார்க். எல்லோரும் சிரித்தார்கள். டீ கொண்டுவந்த பையன்கூடச் சிரித்தான்.

உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை.

"சரிங்க. நான் கேட்டது படத்துல இல்ல. ஆனா இருந்திருக்கணும்."

"இல்லாத ஒண்டுக்காக ஒரு இசையமைப்பாளரைக் குறை சொல்லேலாது" என்றார் வாத்தியார்.

"இருக்கறத வச்சுத்தான் சொல்றேன் ஐயா. வயலின் அடங்குச்சே, அங்கயே விட்டிருக்கலாமே. மறுபடி எதுக்குக் கிளப்புறாரு? நம்ம மேல நம்பிக்கை இல்லியா, நாம அழமாட்டோம்னு பயமா?"

"தம்பி, படத்தில வாறது பட்டணத்து வீடு. மாடி வீடு. அங்க ஆர் தப்படிக்கிறது? நீங்கள் பாத்திருந்தால் வீட்டைக் கண்டிருப்பியள்."

அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. கேட்டுக்கொண்டிருந்தபோது நான் ஒரு லயத்தைத்தான் மனதில் கட்டியிருந்தேன். மாடி வீடு என்று நினைக்கவேயில்லை. அவர் சொன்னது நியாயம். ஆனாலும் என்னிடம் இன்னும் கேள்வி மிச்சமிருந்தது.

"அப்படின்னா தூரத்துல ஒரு காரு ஹாரன் போடட்டும்ங்க. பக்கத்து மாடியில யாராவது ரேடியோ வைக்கட்டும். அந்த வீட்டுல சாவு விழுந்திருக்கு, வெளியில உலகம் அது பாட்டுக்குப் போகுது, அத ஒரு சத்தத்துல காட்டட்டும். இந்த வயலின் எங்கிருந்து வருது ஐயா? அந்த வீட்டுக்குள்ளயும் இல்ல, வெளியிலயும் இல்ல."

வாத்தியார் விட்டுக்கொடுக்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "ஒரு ஒழுங்கு வேணும். இனிப் படம் பாத்தவைதான் கதைக்கலாம். மற்றவை இருந்து கேக்கலாம்."

பாதிப்பேர் தலையாட்டினார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. கேட்பதற்கு நான் எதற்குப் பதுளைக்கு வரவேண்டும்? கேட்பதை வீட்டில் உட்கார்ந்தே கேட்கிறேனே. பேசத்தான் வந்தேன்.

"படம் பாக்க டிவி வேணும், கரண்ட் வேணும், பக்கத்து வீட்டோட சமாதானம் வேணும். இசைக்குக் காது போதும்னுதானே இங்க எல்லாரும் பேசுறீங்க? என் வாயை மூடணும்னா மூடச் சொல்லுங்க, நான் போயிடறேன். ஒழுங்குன்னு பேர் வைக்காதீங்க."

முதலாளிதான் இடையில் புகுந்தார். "இவரு பேசட்டும்ங்க. ஆனா ஒண்ணு. எழுந்த உடனே, 'இந்தப் படத்த நான் பாக்கல'ன்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டுப் பேசணும். சம்மதமா?"

அது எனக்குப் போட்ட கடிவாளம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு தடவையும் அதைச் சொல்லி ஒரு சிரிப்பை வாங்கிக்கொண்டு ஆரம்பிக்கவேண்டும். வெட்கப்பட்டு நானே நின்றுவிடுவேன் என்று சிலர் நினைத்திருப்பார்கள்.

"சம்மதம்" என்றேன்.

வீட்டில் உங்கள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். "நான் அப்பவே யாரோ போயிட்டாங்கன்னு சொன்னேனா இல்லியா?" என்றாள். பிறகு யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"பீலிச் சண்டைய நான் பேசி முடிச்சிடறேங்க. அந்த வீட்டுல போய் உக்காந்து ஒழுங்கா பாத்துட்டு, அப்புறம் போய்ப் பேசுங்களேன்."

"நீ சமாதானமாப் போ. நல்லதுதான். நான் இங்கயே இருந்துக்கறேன்."

"வீம்பு."

"ஆமா, வீம்புதான்."

அவள் சொன்னபடியே சமாதானமானாள். அடுத்த ஞாயிறு தொட்டில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் படம் பார்க்கப் போனாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் தனியாக உட்கார்ந்து கேட்டேன். நடுவில் எங்கே சத்தம் வந்தாலும் கதவைத் திறந்து, அது படத்திலா நம் தோட்டத்திலா என்று பார்த்துக்கொண்டேன். அந்தப் பழக்கம் மட்டும் எனக்குப் புதிது.

அடுத்த மாதம் மேல்மாடியில் வாத்தியார் கேட்டார்: "இண்டைக்கு ஆர் கதைக்கிறது?" கை தூக்கினேன். எழுந்து நின்றேன்.

"இந்தப் படத்த நான் பாக்கல. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டேன்."

சிரிப்பு வந்தது. கிளார்க் விடவில்லை. "இந்தத் தடவ யாரும் சாகலையே அண்ணே?"

"இல்ல. பக்கத்து வீட்டுல எம் பொண்ணு ரெண்டு தடவ அழுதா. அதக் கழிச்சுட்டேன்."

சிரிப்பு இன்னும் பெரிதானது. அது அடங்கும்வரை நின்றேன். பிறகு சொன்னேன்: காதலுக்கு வாசித்த புல்லாங்குழல் மெட்டையே வேகமாக்கி லாரி துரத்துகிற இடத்துக்கும் போட்டிருக்கிறார், இது சோம்பல், ஒரு மெட்டுக்கு இரண்டு சம்பளம்.

"சோம்பல் இல்லைத் தம்பி" என்றார் வாத்தியார். "துரத்தேக்கயும் அவன்ர மனதில அவள்தான் இருக்கிறாள் எண்டு ஞாபகப்படுத்துறார். அது பெரிய கெட்டித்தனம்."

"ஞாபகம்னா மெதுவால்ல வரணும்? உயிருக்குப் பயந்து ஓடுறவனுக்கு எந்தப் புல்லாங்குழல் ஞாபகம் வரும்?"

"நீங்கள் சொல்லுறது பிழை."

"இருக்கட்டும் ஐயா" என்றேன். "நான் இன்னும் சொல்லி முடிக்கல."