அறுப்பின் பண்டிகை ஏலத்தில் போன புத்தகம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் ஆறாவது வரைதான். ஞாபகமும் முன்போல இல்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளில் நாங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். வீடுகளை இடிக்கப் போகிறார்கள் என்று பேச்சு. அப்போது எங்கள் சபைப் போதகர் ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தைத் தமிழாக்கி ஞாயிறுதோறும் வாசித்தார். வாசித்ததை ஸ்டென்சில் தாளில் அடித்து வீட்டுக்கொரு பிரதியும் கொடுப்பார். இருநூறு வருடத்துக்கு முன் இங்கிலாந்தில் ஏதோ கிராமக் கோயிலில் இருந்த பாதிரியார் எழுதியது. பொது நிலத்துக்கு வேலி போட்டு ஏழைகளை விரட்டுகிறவன் ஆண்டவருக்குப் பதில் சொல்ல வேண்டும், அவன் ராஜாவே ஆனாலும் சபை வாய்மூடி இருக்கக் கூடாது என்று வரும்.

"நம்ம கதையதான் அந்த வெள்ளக்காரன் எழுதி வச்சிருக்கான்லா" என்பார் என் வீட்டுக்காரர். பேசினவர்கள், எழுதினவர்களை எல்லாம் பிடித்துப் போகிறார்கள் என்று பாசாரில் காய்கறி வாங்கும்போது மெதுவாகச் சொல்லிக்கொண்ட காலம். போதகரையும் கொண்டுபோய்விடுவார்களோ என்று பயந்தேன்.

கடைசி பெஞ்சில் புதிதாக ஒருவர் வந்து உட்கார ஆரம்பித்தார். பாடமாட்டார். ஆராதனை முடிந்து தேநீர் கொடுக்கப் போனேன்.

"ஆன்டி, இதெல்லாம் பாஸ்டர் சொந்தமா எழுதறதா?"

"இல்ல தம்பி. அந்தக் காலத்து வெள்ளக்கார பாதிரியார் எழுதுனது."

"சரி. இங்க வாசிக்கச் சொன்னது யாரு?"

காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். அவர் தேநீரைத் தொடவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு, "உனக்கு யாரைப் பாத்தாலும் போலீஸ்தான்" என்று சிரித்தார்.

அறுப்பின் பண்டிகை வந்தது. காணிக்கையாக வந்த பூசணி, கோழி, முறுக்கு எல்லாவற்றையும் ஏலம் விட்டது என் வீட்டுக்காரர்தான். போதகரிடம் தோட்டமா, கோழியா? அந்தத் தாள்களைச் சேர்த்துத் தைத்து, ஒரு புத்தகமாக்கிக் காணிக்கை வைத்திருந்தார். அதைக் கடைசி பெஞ்சுப் புதியவர் ஏலத்தில் கேட்டார். எங்கள் ஆட்கள், பண்டமாரானிலிருந்து வந்த ஓர் அண்ணன் முதற்கொண்டு, விளையாட்டாக விலையை ஏற்றிவிட்டார்கள்.

"தம்பி விடமாட்டார் போல! பண்டமாரான் அண்ணே, நீங்க முறுக்கோட வீட்டுக்குப் போங்க!"

என் வீட்டுக்காரர் இப்படிக் கூவி, புதியவருக்கே ஏலத்தை முடித்தார். ஒரே சிரிப்பு. ஏலத்தில் எடுத்தவருக்குக் காணிக்கை வைத்தவரே தன் கையால் கொடுப்பது எங்கள் வழக்கம். போதகர் முதல் பக்கத்தில் ஆசீர்வாதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"முழுப் பேரையும் போடுங்க, பாஸ்டர்" என்றார் அந்த மனிதர்.

போதகர் சந்தோஷமாக எழுதினார். எல்லாரும் கைதட்டினோம்.

அந்த வாரமே, நான் கோயில் கூட்டிக்கொண்டிருந்தபோது கார் வந்தது. முன் இருக்கையில் அந்த மனிதர். மடியில் அந்தப் புத்தகம். போதகர் காலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, "கதவைப் பூட்டிடுங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அவ்வளவுதான்.

பொழுது சாய்வதற்குள் குவார்ட்டர்ஸில் எல்லார் வீட்டுத் தாள்களும் அடுப்புக்குப் போயின. எங்களுடையதும்தான். பல மாதம் கழித்துப் போதகர் திரும்பி வந்தார். அந்தப் பாதிரியாரைப் பற்றி அதன்பின் அவர் வாயே திறக்கவில்லை. அவரிடம் கேட்க எங்களுக்கும் தைரியம் வரவில்லை.

அந்தக் கிராமத்தின் பெயர் எனக்கு மறந்துபோயிற்று. ராஜாவைப் பற்றிய வரியையும் சரியாகச் சொன்னேனா தெரியவில்லை. எரிக்காமல் யாராவது ஒரு தாளையாவது வைத்திருந்தால், பார்த்துத் திருத்துங்கள்.