மச்சானின் டர்போ

என் மனைவியின் அண்ணன் தன் பழைய டீசல் லாரியில், இஞ்சினுக்குள் காற்றை அழுத்தி வேகம் கூட்டும் டர்போ மாட்டினார். மேம்பாலம் ஏறும்போது விசிலடித்தபடி என் லாரியை அவர் முந்திப் போனதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. என்னுடையதும் அதே வயது வண்டிதான். மறுவாரமே நானும் ஒன்று மாட்டினேன். ஆயுத பூஜைக்கு அவர் தன் டர்போ மேல் பெயிண்டில் விபூதிப் பட்டை போட்டு, சிவப்புப் பொட்டு வைத்து எனக்குப் போட்டோ அனுப்பினார். அதற்கும் எரிந்தது.

கோடையில் என் இஞ்சின் கொதித்து, ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. நாச்சாரத்தில், உருது கலந்து தமிழ் பேசும் மெக்கானிக் காதர் பாயிடம் கொண்டுபோனேன்.

"கைக்கு பாய், எதுக்கு இதெல்லாம்? பழைய இஞ்சினுக்கு இவ்வளவு காத்து நக்கோ, வேணாம். கழட்டிடலாம்" என்றார் அவர்.

கழற்றியதை அலமாரியில் வைத்தார். பக்கத்தில் இன்னொரு டர்போ தூசி படிந்து கிடந்தது. அதில் விபூதிப் பட்டை, சிவப்புப் பொட்டு.

அங்கிருந்தே மச்சானுக்குப் போன் போட்டேன்.

"மச்சான், உங்க டர்போ எப்படி ஓடுது?"

"பறக்குது மாப்ளே! உங்க வண்டி?"

அலமாரியில் அடுத்தடுத்து இருந்த இரண்டையும் பார்த்தேன்.

"என்னுதும் பறக்குது மச்சான்."

இன்றுவரை அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. கழற்றுவதிலும் அவர் என்னை முந்திவிட்டார் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.