ஹாலிவுட்டுக்கு வந்த மொட்டை

ஊரிலிருந்து திரும்பிய மறுநாள் காலை, லாஸ் ஏஞ்சலிஸில் என் வீட்டு வாசலில் ஒரு பாத்திரம் நிறைய சூப் இருந்தது. எதிர்வீட்டுக்காரி வைத்துவிட்டுப் போயிருந்தாள். கடையில் எனக்கு முன்னால் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். இத்தனை வருடத்தில் இந்த நகரம் என்மேல் இவ்வளவு அன்பு காட்டியதில்லை. எல்லாம் என் மொட்டைத் தலைக்கு வந்த மரியாதை என்று புரியக் கொஞ்ச நேரமானது. எனக்குக் கேன்சர் என்று நினைத்துவிட்டார்கள்.

திருப்பதியில் மொட்டையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மலையடிவாரத்து அலிபிரியில் பஸ் ஏறினால் பாதிப் பேர் சந்தனம் பூசிய தலையோடுதான் இருப்பார்கள். புதுப்பெண்ணும் இருப்பாள், போலீஸ்காரரும் இருப்பார். வேண்டிக்கொண்டது நடந்திருக்கும், அவ்வளவுதான். எனக்கும் நடந்திருந்தது. பல காலம் மற்றவர்களின் படங்களுக்கு வசனம் திருத்திப் பிழைத்தவள் நான். திரையில் பெயர் வராது. முதல்முறையாக என் சொந்தக் கதையை ஒரு ஸ்டுடியோ வாங்கியது. திருப்பதிக்குப் பக்கத்துப் பாகாலாவிலிருக்கும் அக்காவோடு திருமலைக்குப் போய் முடியைக் கொடுத்தேன். துணைக்கு வந்த அக்காவும் மாமாவும் சும்மா இருப்பானேன் என்று தாங்களும் மொட்டைக்கு உட்கார்ந்துவிட்டார்கள்.

ஆனால் கதையை விற்ற பிறகு எழுத்தாளரை மாற்றுவது இங்கே சர்வசாதாரணம். மாற்றினால் மறுபடி நான் பெயரில்லாதவள். அந்தப் பயத்தோடுதான் அன்று மாலை ஸ்டுடியோவில் நடந்த சந்திப்புக்குப் போனேன்.

தயாரிப்பாளர் நல்ல மனிதர். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உடம்புதான் முக்கியம். ஸ்கிரிப்டை வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் ஓய்வெடுங்கள்."

"எனக்கு ஒன்றுமில்லை. சந்தோஷத்தில் மழித்துக்கொண்டேன்."

அவர் கண் கலங்கியது. "எவ்வளவு தைரியம் உங்களுக்கு!"

அன்பாகவே பிடுங்குகிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது? ஊரில் விடிந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, அக்காவை வீடியோ காலில் கூப்பிட்டேன். மொட்டைத் தலையோடு சிரித்தாள். பின்னால் மாமா மொட்டைத் தலையோடு பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

தயாரிப்பாளர் குரலைத் தணித்துக் கேட்டார்: "குடும்பத்தில் எல்லோருக்குமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா அவரைப் பார்த்துவிட்டாள். அவர் தலையில் பேருக்குக்கூட முடி கிடையாது.

"தேவுடா! அந்தத் தொரையும் மலைக்குப் போய்க்கினு வந்தாரா? இன்னா வேண்டிக்கினாராம், கேளுடி!"

"அவருக்குத் தானா கொட்டிப்போச்சுக்கா."

"அய்ய, முடியும் போயி, ஒண்ணும் கெடைக்கலியா? பாவம்!"

அப்படியே மொழிபெயர்த்தேன். அவர் மெல்லத் தன் தலையைத் தடவிப் பார்த்தார். பிறகு மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எப்போதோ கொடுத்துவிட்டேன், இன்னும் பதில் வரவில்லை என்று சொல்லுங்கள்."

அதன்பின் ஸ்கிரிப்டைப் பிரித்தார். ஆரம்பம் இழுக்கிறது என்றார். கதாநாயகி எதற்கு அழுகிறாள் என்றே புரியவில்லை என்றார். கடைசிப் பகுதி முழுவதையும் நான் திரும்ப எழுத வேண்டும் என்றார். நோயாளியை யாரும் இப்படித் திட்டமாட்டார்கள். மனம் குளிரக் கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

வெளியே வந்து காரை நோக்கி நடந்தபோது தெருமுனையில் ஒரு விக் கடை. கண்ணாடிக்குப் பின்னால் பொம்மைத் தலையொன்றில் இடுப்பு வரை தொங்கும் கறுப்பு முடி. பக்கத்தில் 'அசல் இந்திய முடி' என்று ஒரு அட்டை. மலையில் கொடுக்கும் முடி ஏலத்தில் போய்க் கடல் தாண்டும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். என்னுடையது இன்னும் வழியில் இருக்கும். இது எனக்கு முன்னால் வேண்டிக்கொண்ட யாருடையதோ. கொஞ்சம் நகர்ந்து நின்றேன். கண்ணாடியில் தெரிந்த என் மொட்டைத் தலைமேல் அந்த முடி அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது.