மூன்றாம் அட்டவணையில் பத்தொன்பது குடும்பங்கள்

புதிதாக நியமனம் பெறுகிற அபிவிருத்தி உத்தியோகத்தர்களுக்கு ஒரு கைநூல் தயாராகிறதாம். பொதுக் கொள்கை என்றால் என்ன, அந்தப் படிப்பு உங்கள் வேலைக்கு எப்படி உதவியது என்று நாலு பக்கம் எழுதித் தரக் கேட்டிருக்கிறார்கள். இளையவர்களுக்கு உற்சாகமூட்டும் வகையில் இருந்தால் நல்லது என்றும் கடிதத்தில் ஒரு வரி. உற்சாகமூட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. நடந்ததை எழுதுகிறேன், போடுவதும் விடுவதும் அவர்கள் பாடு.

எந்தத் தீவு, எந்தக் குறிச்சி என்று எழுதமாட்டேன். சரவணை ஊர்க்காரர் தங்களைத்தான் சொல்கிறேன் என்பார்கள். இறுப்பிட்டிக்காரரும் அப்படியே நினைப்பார்கள். நினைக்கட்டும். ஆட்களின் பேரையும் மாற்றியிருக்கிறேன்.

1. சனிக்கிழமை வகுப்பு

ஐம்பதை நெருங்குகிற வயதில் டிப்ளோமா படிக்கப் போனேன். தீவுப் பகுதிச் செயலகம் ஒன்றின் திட்டமிடல் கிளையில் அப்போது எனக்கு இருபது வருடச் சேவை. பதவி உயர்வுக்கு உதவும் என்று சொன்னார்கள், சேர்ந்தேன். அறிவுத் தாகம் ஒன்றும் இல்லை. சனிக்கிழமை காலையில் முதல் பஸ் பிடித்து, மண்டைதீவைத் தாண்டி, பண்ணைப் பாலத்தில் உப்புக் காற்று வாங்கிக்கொண்டு பட்டணத்துக்குப் போவேன்.

முதல் நாள் விரிவுரையாளர் வந்து புரொஜெக்டரைப் போடவில்லை. மேசையில் சாய்ந்துகொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பொதுக் கொள்கை எண்டா என்ன?"

ஒருவர் சட்டம் என்றார். இன்னொருவர் அரசாங்கத்தின் திட்டம் என்றார். என் முறை வந்தபோது, "மேலையிருந்து வாற சுற்றறிக்கை, சேர்" என்றேன். வகுப்பு சிரித்தது. எல்லாரும் உத்தியோகத்தர்கள்தான், எல்லாருக்கும் அதுதான் உண்மை.

"சுற்றறிக்கை கொள்கையின்ரை கடைசிக் கால்" என்றார் அவர். "தலை வேறை எங்கையோ கிடக்கு. கனபேரைப் பாதிக்கிற ஒரு விசயத்திலை அரசாங்கம் ஏதோ செய்யுது, இல்லாட்டிச் செய்யாமல் இருக்குது. ஏன் செய்தது, ஏன் விட்டது, அதாலை ஆருக்கு என்ன நடந்தது எண்டு தேடிப் பாக்கிறதுதான் இந்தப் பாடம்."

பொருளாதாரம் படித்த ஒருவர், இது எங்கள் பாடத்தின் கிளைதானே என்று கேட்டார். அரசறிவியல் படித்தவருக்கு உடனே கோபம் வந்துவிட்டது. விரிவுரையாளர் இருவரையும் சமாதானப்படுத்தினார். இது எல்லா வீட்டிலும் கொஞ்சம் கொஞ்சம் இரவல் வாங்கிய படிப்பு, ஆனால் சமைப்பது வேறு குசினியில் என்றார். பிறகு பலகையில் ஐந்து பெட்டி கீறினார். பிரச்சினை, யோசனை, தீர்மானம், நடைமுறை, மதிப்பீடு. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அம்புக்குறி.

"முதல் பெட்டியிலைதான் கவனம் வேணும். பிரச்சினை தானாப் பிரச்சினையா வாறதில்லை. ஆரோ ஒருத்தர் அதுக்குப் பேர் வைக்கிறார். வைச்ச பேருக்குத்தான் மருந்து வரும், வருத்தத்துக்கு இல்லை."

இதை அப்படியே எழுதிச் சிவப்புப் பேனையால் கோடும் போட்டேன். கோடு போட்டதோடு சரி.

2. விதானையாரின் இடாப்பு

டிப்ளோமாவுக்கு ஒரு கள ஆய்வு செய்யவேண்டும். எங்கள் பிரிவில் ஒரு குறிச்சியை எடுத்தேன். அங்கே கிணறு எல்லாம் உப்பு. சந்தியில் சீமெந்து மேடை கட்டி ஒரு பெரிய பிளாஸ்ரிக் தாங்கி வைத்திருந்தார்கள். தண்ணீர் லொறியான பவுசர் கிழமைக்கு இரண்டு தரம் வந்து அதை நிரப்பும். சனம் குடத்திலும் கானிலும் பிடித்துக்கொண்டு போகும். குடும்பங்களைப் பதிகிற இடாப்பில் அந்தக் குறிச்சிக்கு நாற்பத்தெட்டுக் குடும்பம். ஆனால் ஒழுங்கையால் நடந்தால் பாதி வீட்டுக்குக் கூரையே இல்லை. எனக்கு ஆய்வுக்குப் பொருள் கிடைத்துவிட்டது. தலைப்பு: "பிழையான தரவும் வளப் பங்கீடும்."

கிராம அலுவலரை எங்கள் பக்கம் இன்னமும் விதானையார் என்றுதான் சொல்வார்கள். அவரிடம் போய் இடாப்பைக் கேட்டேன். தந்தார், முகம் மட்டும் சரியில்லை.

"அண்ணை, இதிலை பாதிப் பேர் இஞ்சை இல்லையே. கனடா, கொழும்பு, பட்டணம் எண்டு போட்டினம். ஏன் இன்னும் வெட்டேல்லை?"

"தங்கச்சி, உது சும்மா கிடக்கிற பேர் இல்லை. போகேக்கை ஒவ்வொருத்தரும் வந்து சொல்லிப்போட்டுப் போனவை, எங்கடை பேரை வெட்டிப் போடாதையுங்கோ எண்டு."

"அதுக்காகப் பொய்க் கணக்கு வைக்கிறதே?"

"நீர் படிச்சனீர், உமக்குத் தெரியாததே. மிச்சம் இருக்கிற சனத்துக்குத் தண்ணி வாறது உந்தப் பேருகளாலைதான்."

அன்றைக்கு அவரை ஒரு சோம்பேறி உத்தியோகத்தர் என்றே நினைத்தேன். ஊர்ச் சனத்துக்கு முகம் முறிக்க மாட்டாமல் பதிவேட்டைக் குழப்பி வைத்திருக்கிறார் என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

ஆறு நாள் வீடு வீடாக நடந்தேன். உண்மையில் வசிப்பது பத்தொன்பது குடும்பம். பெரும்பாலும் வயதானவர்கள். கடைசி வீடு செல்வராணியுடையது. என் வயதுதான் இருக்கும். கணவர் நடராசா பாரிசவாதம் வந்து மூன்று வருடமாகக் கட்டிலில். படுக்கைப்புண் வேறு. எனக்குக் கதிரை போட்டுவிட்டு, கையில் துணியோடு நின்றே பதில் சொன்னாள்.

"குடிக்க, சமைக்க ரெண்டு கான் காணும் மிஸ். இவரைத் துடைக்கத்தான் கனக்க வேணும். கிணத்துத் தண்ணி புண்ணிலை பட்டால் மனிசன் கத்தும்."

அதையும் எழுதினேன். அறிக்கை முப்பத்திரண்டு பக்கம். இந்தப் பத்தொன்பது குடும்பமும் தாங்கியடியிலிருந்து தண்ணீர் சுமக்கவே கஷ்டப்படுகிறவர்கள், ஆகையால் சிறிய பவுசர் ஒன்றை வீட்டுக்கு வீடு அனுப்பவேண்டும் என்று முடித்திருந்தேன். மனச்சுத்தியோடு எழுதிய அறிக்கை அது.

டிப்ளோமாவில் அந்த ஆய்வுக்கு ஏ கிடைத்தது.

3. ஒரு பக்கம்

எங்கள் பணிப்பாளர் கெட்ட மனிதர் அல்ல. அறிக்கையைக் கேட்டு வாங்கி வாசித்தார். ஒருங்கிணைப்புக் கூட்டத்துக்குக் கொண்டுபோனார். கூட்டம் முடிந்து வந்து என் மேசையடியில் நின்று பாராட்டினார்.

"மிஸ், உங்கடை ஆய்வு நல்லா எடுபட்டது. எல்லாருக்கும் பிரதி குடுத்தனான்."

"முப்பத்திரண்டு பக்கமுமோ, சேர்?"

"சீச்சீ, ஆர் வாசிக்கிறது? மூண்டாம் அட்டவணையை மட்டும்."

மூன்றாம் அட்டவணையில் இரண்டு நிரல். பதிவில் நாற்பத்தெட்டு, வசிப்பது பத்தொன்பது.

"வீட்டுக்கு வீடு குடுக்கிற யோசனை என்னாச்சு, சேர்?"

"அது பேந்து பாப்பம். இருபத்தைஞ்சு குடும்பத்துக்கு ஒரு தாங்கி எண்டு சுற்றறிக்கையிலை கிடக்கு. உங்கடை கணக்கிலை பத்தொன்பது. நான் என்ன செய்ய? பக்கத்துக் குறிச்சித் தாங்கியோடை சேக்கச் சொல்லித் தீர்மானம்."

அந்தச் சுற்றறிக்கை என் மேசை லாச்சியிலேயே கிடந்தது. எழுதும்போது ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. இந்தச் சனத்தின் நிலையை வாசித்த பிறகு இலக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். இருபது வருடம் அலுவலகத்தில் இருந்த ஒருத்தி அப்படி நினைத்தாள் என்பதை இன்றுவரை என்னால் நம்ப முடியவில்லை. தண்ணீருக்கு வந்த கஷ்டத்துக்குப் "பிழையான தரவு" என்று பேர் வைத்தவள் நான். வைத்த பேருக்கு மருந்து வந்தது. தரவு திருத்தப்பட்டது.

விதானையாருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போனது, இரண்டு மாதத்தில் இடமாற்றம்.

4. தாங்கி

தாங்கியைக் கழற்றி ஏற்ற உழவு இயந்திரம் வந்த அன்று, கையெழுத்துப் போட என்னைத்தான் அனுப்பினார்கள். செல்வராணி இரண்டு கானோடு நின்றாள்.

"திருத்தவோ மிஸ் கொண்டு போகினம்?"

இல்லை, இனிப் பக்கத்துக் குறிச்சியில்தான் பிடிக்கவேண்டும் என்றேன். அது இரண்டரைக் கிலோமீற்றர், பாதி வழி மணல். தாங்கியின் அடியில் மிஞ்சியிருந்த தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போகலாமா என்று சாரதியிடம் கேட்டாள். பிடித்தாள். பிறகு சீமெந்து மேடை மட்டும் நின்றது.

நான் மூன்று கடிதம் எழுதினேன். மூன்றுக்கும் "கவனத்திற் கொள்ளப்பட்டுள்ளது" என்று பதில் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் என் ஸ்கூட்டியில் ஒரு கான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதலில் எல்லா வெள்ளியும். பிறகு கூட்டம், அறிக்கை, மழை என்று ஒன்றுவிட்டு ஒன்று. பிறகு நின்றுபோனது.

அவள் சைக்கிளில் இருபக்கமும் கான் கட்டி ஏழு மாதம் இழுத்தாள். ஐப்பசி மழையில் மணலில் சறுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. பட்டணத்தில் தங்கையின் வாடகை வீட்டுப் பின்னறைக்கு நடராசாவைக் கொண்டு போவதென்று முடிவானது. வான் வண்டி வந்து நின்ற அன்று நானும் போனேன். நடராசா வாசல் நிலையை நல்ல கையால் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார். இரண்டு பேர் விரலைப் பிரித்து எடுக்கவேண்டியிருந்தது.

செல்வராணி கட்டுப்போட்ட கையோடு என்னிடம் சொன்னாள்:

"சண்டைக்குள்ளை வெளிக்கிடச் சொன்னவை, வெளிக்கிட்டம். பேந்து திரும்பி வந்து இந்த வீட்டைக் கட்டினம். இப்ப ஒருத்தரும் வெளிக்கிடச் சொல்லேல்லையே மிஸ். ஆரோடை போய்ச் சண்டை பிடிக்கிறது?"

பொதுக் கொள்கை என்ற பாடத்தின் மையக் கேள்வி அது. அதை இரண்டு வருடம் படித்து, ஏ எடுத்து, சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தவள் நான். ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் இருந்தவர்களில் யாரும் அவளைத் துரத்த நினைக்கவில்லை. சுற்றறிக்கை எழுதியவருக்கு அவளைத் தெரியாது. பவுசர் சாரதிக்கு அவள்மேல் இரக்கம். எல்லாரும் தங்கள் தங்கள் பெட்டியில் சரியாகத்தான் இருந்தார்கள்.

5. கடைசிப் பெட்டி

ஒரு வருடத்தில் மதிப்பீட்டுப் படிவம் வந்தது. நான்தான் நிரப்பவேண்டும். குறிச்சியில் இப்போது வசிப்பது பதினொரு குடும்பம். தீர்மானம் பொருத்தமானதா என்று ஒரு கேள்வி. பத்தொன்பதுக்கே தாங்கி இல்லையென்றால் பதினொன்றுக்கு எதற்கு? படிவத்தின்படி தீர்மானம் மிகவும் பொருத்தமானது. ஓரத்தில் பென்சிலால், "தாங்கி எடுத்ததால் எட்டுக் குடும்பம் வெளியேறியது" என்று எழுதினேன். பணிப்பாளர் திருப்பி அனுப்பினார்.

"காரணம் எழுத உதிலை நிரல் இல்லையே, மிஸ். அழிச்சுப்போட்டுத் தாங்கோ."

அழித்துவிட்டுக் கொடுத்தேன். முறைப்பாடுகள் என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதினேன். அதுவும் உண்மைதான். முறைப்பாடு செய்யக்கூடியவர்கள் அங்கே இல்லை.

சில வருடம் கழித்து, நான் ஓய்வுபெற ஒரு மாதம் இருக்க, புதிய கிராம அலுவலர் பிள்ளை டப் என்கிற கைக்கணினியில் இடாப்பைப் புதுப்பித்து, உறுதிப்படுத்த என்னிடம் கொண்டுவந்தாள். அன்று பின்னேரம் செல்வராணி போன் எடுத்தாள். சுகம் விசாரித்தாள். பிறகு சொன்னாள்:

"மிஸ், ஒரு உதவி. எங்கடை பேரை அங்கை வெட்டிப் போடாதையுங்கோ. இவர் ஒவ்வொரு நாளும் கேக்கிறார், பேர் கிடக்கோ எண்டு."

விதானையாரின் இடாப்பில் இருந்த நாற்பத்தெட்டும் அந்த நேரம்தான் எனக்கு விளங்கியது. ஊரைவிட்டுப் போன அத்தனை பேரும் இதே குரலில் கேட்டிருப்பார்கள். அவர் ஓம் என்று சொல்லி, சொன்னபடி நடந்த மனிதர்.

நானும் ஓம் என்றேன். "கிடக்கு, வெட்டமாட்டன்" என்றேன்.

மறுநாள் காலை டப்பில் அவர்கள் வீட்டுக்கு நேரே "வதிவு இல்லை" என்று போட்டிருந்ததை உறுதிப்படுத்தினேன். அதை அழுத்தாமல் அடுத்த பக்கம் திறக்காது.

இளையவர்களுக்குப் பாடம் என்ன என்று கைநூல்காரர் கேட்பார்கள். ஒரு இலக்கத்தை எழுதிக் கொடுக்குமுன், அதை யார் எதற்கு எடுப்பார்கள் என்று கேளுங்கள். கேட்டால் தடுக்கலாம் என்று நான் சொல்லவில்லை. தெரிந்துகொண்டாவது எழுதுங்கள்.

நடராசா இன்னமும் கேட்கிறாராம். செல்வராணி, கிடக்கு என்றுதான் சொல்கிறாள். நான் சொன்னதை அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள்.